1430-ஐ மறைக்க வேண்டாம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா எஸ்.ஏ.டி. தேர்வில் 1430 வாங்கியிருக்கிறாள் என்ற வரியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் தேர்வு என்பதுகூட என் மனைவிக்குத் தெரியாது. ஆனாலும் உடனே போய்ச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்தாள். பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்துகொண்டு, ஆறாம் படிவப் பாடங்களோடு இதையும் சேர்த்துப் படித்து, 1600-க்கு 1430 என்றால் சும்மா இல்லை. முதலில் என் வாழ்த்தை அவளிடம் சொல்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். "இந்த மார்க் போதாது, அதை அனுப்பாமலே விண்ணப்பம் போடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் எங்களிடம் படிக்கட்டும்" என்று டியூஷன் சென்டரில் சொன்னார்களாம். இரண்டும் வேண்டாம் மச்சான். இருப்பதை மறைக்கவும் வேண்டாம், அதை உயர்த்துகிறேன் என்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டாம். என் தங்கை மகளுக்காக இதையெல்லாம் உட்கார்ந்து படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

2020-இல் கோவிட் வந்து தேர்வு மையங்கள் மூடிக் கிடந்தபோது, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய எல்லாமே எஸ்.ஏ.டி. கட்டாயமில்லை என்றன. டியூஷன் சென்டர்க்காரர் இன்னும் அந்தக் காலத்துப் பேச்சைத்தான் பேசுகிறார். 2022 மார்ச்சிலேயே எம்.ஐ.டி. அதை மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் இரண்டு பருவம் கால்குலஸ், இரண்டு பருவம் இயற்பியல் முடித்தே ஆக வேண்டும். அதைத் தாங்கக்கூடிய பிள்ளை எது என்று கண்டுகொள்ள, கணித மதிப்பெண் நன்றாகவே உதவுகிறது என்றார்கள். 2024-இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாகத் திரும்பி வந்தன. ஆகவே பல இடங்களில் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியே இப்போது இல்லை.

டார்ட்மவுத் சொன்ன காரணத்தைத்தான் நீ பாப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அங்குள்ள பேராசிரியர்களே தங்களுக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். விரும்பினால் அனுப்பலாம் என்றிருந்த ஆண்டுகளில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இது குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அதுவே அவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும். ஏனென்றால் அங்கே எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் மற்ற பிள்ளைகள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. தகுதி இருந்தும், சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகள் தங்களைத் தாங்களே விலக்கிக்கொண்டிருக்கிறார்கள்!

நம் பிள்ளைகள் நிலையும் அதுதானே. எங்கோ உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவருக்குச் சுங்கை சிப்புட் எங்கே தெரியப் போகிறது? ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4-க்கு 3.9 எடுப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கு யார் சொல்வது? பணக்காரப் பள்ளிகளில் இருக்கும் ஆராய்ச்சி முகாமும் ரோபோ போட்டியும் நம் பக்கம் ஏது? அவருக்குப் பழகிய அளவுகோல் அந்த ஒரு எண்தான். அதையும் நாமே மறைத்துவிட்டால், அவர் எதை வைத்துப் பிள்ளையை நம்புவார்?

அதற்காக மார்க்தான் எல்லாம் என்றும் நினைத்துவிடாதே. நாம் இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடம் ஒதுக்கும் யூபியூ கணக்குக்குப் பழகியவர்கள். படிப்புக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கூட்டிப் பார்த்தால் நம் மெரிட் தெரிந்துவிடும். (4.00 வாங்கியும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகளை ஆண்டுதோறும் பத்திரிகையில் பார்க்கிறோம், அது வேறு வேதனை.) அங்கே அப்படி ஒரு கூட்டல் கணக்கே கிடையாது. எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தவர்களில் நடுவிலுள்ள பாதிப் பேருக்குக் கணிதத்தில் 780 முதல் 800 வரை. முழு மதிப்பெண்ணான அந்த 800-ஐ வாங்கியும் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் ஏறும் பத்து இருபது புள்ளியால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

ராஜ் செட்டியும் அவருடைய சக பொருளியலாளர்களும் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில், பணத்தில் மேல்மட்டத்து 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்ட் போன்ற 12 பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெற்றோர் அங்கே படித்திருந்தால் கிடைக்கும் சலுகை, விளையாட்டுக்காக எடுப்பது, படிப்பு சாராத தகுதிகளுக்குப் போடும் மதிப்பு, இவைதான் முக்கியக் காரணம். தேர்வை எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வு போனால் மிஞ்சுவது பணத்தால் இன்னும் எளிதாக வாங்கக்கூடியவை. தேர்விலும் பணம் புகுந்தது உண்டு. ஆள் வைத்துப் பிள்ளைகளின் விடைகளைத் திருத்திய பெற்றோர்களின் வழக்கு 2019-இல் அங்கே பெரிய அவமானமாகப் போனது. இருந்தாலும், கான் அகாடமி இணையதளத்தில் இலவசமாகப் படித்து ஒரு தோட்டத்துப் பிள்ளை எட்டிப் பிடிக்கக்கூடியது இந்தத் தேர்வுதான்.

சரி, அந்த ஆறு மாதத்தை எதில் போடுவது? ஆசிரியர் தரும் சிபாரிசுக் கடிதத்தில் போடு. என் தங்கை மகளுக்கு வேதியியல் டீச்சர் முதலில் எழுதித் தந்ததில், கடின உழைப்பாளி, பணிவானவள், நேரம் தவறாதவள் என்றிருந்தது. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் கடிதம். நான் போய் உட்கார்ந்து, இவளைப் பற்றி உங்களுக்கு நினைவில் நிற்கிற மாதிரி ஏதாவது உண்டா டீச்சர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். ஒருநாள் டைட்ரேஷன் செய்யும்போது மூன்றாவது அளவு முதல் இரண்டோடு ஒத்துவரவில்லை. மற்ற மேசைகளில் சராசரி போட்டு எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவள் மட்டும் புரெட் என்ற அளவுக்குழாயின் முனையில் காற்றுக்குமிழி சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, அதை வெளியேற்றி, கழுவி, முதலிலிருந்து செய்தாள். அன்று பள்ளிப் பேருந்தும் போய்விட்டது. அதை அப்படியே எழுதுங்கள் டீச்சர் என்றேன், எழுதினார். அவள் வாங்கியது பாப்பாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இப்போது அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

பள்ளிக் கவுன்சிலிங் ஆசிரியரும் ஓர் அறிக்கை தர வேண்டும். பள்ளி எப்படிப்பட்டது, என்னென்ன பாடங்கள் உண்டு, படித்து முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். 1430-க்கு உள்ள கனம் அதைப் படித்தால்தான் அவர்களுக்குத் தெரியும். அரைகுறையாக விட்டுவிடாதே.

இன்னொரு தடவை எழுத வேண்டும் என்றால் எழுதட்டும், ஆனால் ஒரே தடவை. கணிதத்தில் 770, வாசிப்பும் எழுத்தும் 660 என்கிறாய். ஏற இடமிருப்பது வாசிப்பில்தான். இப்போது தேர்வு கணினியில், 2 மணி 14 நிமிடம். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பகுதி. முதல் பகுதியை நன்றாகச் செய்தால்தான் இரண்டாவதில் கடினமான கேள்விகள் வரும், உயர்ந்த மதிப்பெண்ணும் அந்த வழியில்தான். ஆகவே தொடக்கத்தில் அவசரம் கூடாது. புளூபுக் செயலியில் முழுப் பயிற்சித் தேர்வுகள் இலவசமாகவே இருக்கின்றன.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் ராத்திரியில் உன் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும். எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற மிகச் சில இடங்கள்தான், வெளிநாட்டுப் பிள்ளையால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் இடம் தந்து, தேவையான உதவியையும் தருகின்றன. மற்றப் பல இடங்களில் உதவி கேட்பதே விண்ணப்பத்துக்குப் பாரம். 1550 இருந்தாலும் கிடைக்காமல் போகலாம். அதனால் பட்டியல் போடும்போது மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பெர்க்லி மேல் ஆசை என்கிறாளாம். பெர்க்லி உட்படக் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதிலும் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை, வெளிநாட்டவருக்கு உதவியும் மிகக் குறைவு. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல். எஸ்.டி.பி.எம். மூன்றாம் பருவத்தை மட்டும் கோட்டை விடக் கூடாது. அங்கே போனாலும் இங்கே இருந்தாலும் அது வேண்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. நாம் பிறந்த தோட்டத்தில் செம்பனையை வெட்டி வீடமைப்புக்கு நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். லயத்துக்குப் பக்கத்திலிருந்த கோயிலை மட்டும் பேசி நிறுத்தி வைத்திருக்கிறோம், கும்பாபிஷேகத்துக்கு நீ வந்தே ஆக வேண்டும்.

அடுத்த மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம், அப்படியே உன் வீட்டுக்கும் வருகிறேன். எந்த ஆசிரியரிடம் கடிதம் கேட்பது என்று பாப்பா அதற்குள் முடிவு செய்யட்டும். கட்டுரை ஏதாவது எழுதி வைத்திருந்தால், திருத்தாததாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்