தபால் பெட்டியில் அப்பா பெயர்

திருப்பாப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்தது. அப்பா, அம்மா இருவரும் நலம். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் தெருவில் இதுவரை தண்ணீர் நிற்கவில்லை, கவலைப்படாதே.

பெர்லினில் புது ஆபீஸ், புது டீம் என்று பயந்து எழுதியிருக்கிறாய். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது சென்னையில் எப்படியோ அப்படித்தான் அங்கேயும், அதை நீ பார்த்துக்கொள்வாய். அங்கே எல்லாமே தொங்குவது ஒரு முகவரியில். குடிபோன இரண்டு வாரத்துக்குள் பூர்கராம்ட் என்கிற அலுவலகத்தில் ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டோடு, ‘இவர் இன்ன தேதியில் குடிவந்தார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் ஏற்கமாட்டார்கள். பெர்லினில் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், உன் பேட்டை அலுவலகத்தில்தான் நேரம் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்காதே. வீட்டு விளம்பரத்தில் ‘பதிவு கிடையாது’ என்று போட்டிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடு. பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் கம்பெனிக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடிக்கலாம், உள்ளதிலேயே அதிகம் அதுதான். பின்னால் சரிசெய்து தருவார்கள் என்றாலும், வீட்டு அட்வான்ஸ் கட்டுகிற மாதத்தில் கையைக் கடிக்கும். அந்த அட்வான்ஸ் ஹீட்டிங் முதலான செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று தவணையாகக் கட்டவும் உனக்கு உரிமை உண்டு, கேள்.

வரி எண் தபாலில்தான் வரும். நம்மூர்ப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். அங்கே அடுக்குமாடி முகவரியில் பெரும்பாலும் வீட்டுக் கதவு எண் இருக்காது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உன் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். ஆக ஜெர்மன் அரசாங்கத்துக்கு நீ ஹெர், அதாவது திரு, ராமலிங்கம். பெட்டியில் ‘குமரன்’ என்று மட்டும் ஒட்டிவைத்தால் வரி எண், வங்கி அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ‘ராமலிங்கம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டு, அழைப்பு மணியிலும் அதையே போடு. நண்பன் அறையில் தங்கினாலும் அவன் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்க வேண்டும். வங்கி, காப்பீடு, கம்பெனி எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசை. எங்கேயும் இனிஷியல் போடாதே.

பதிவு முடிந்தால் ரேடியோ, டிவி கட்டணக் கடிதமும் தேடி வரும். மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உடன் இருப்பவர் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதிப் போட்டால் போதும்.

வேலையில் முதல் நாளே ஒன்றைக் கேட்டு வாங்கு: ஆங்கில விசைப்பலகை உள்ள லேப்டாப். ஜெர்மன் பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், புரோகிராமில் அடிக்கடி வரும் நெளிவு அடைப்புக்குறியைத் திறக்க வலது ஆல்ட் விசையோடு 7, மூட அதே விசையோடு 0 என்று ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். நாள் முழுக்க அதைச் செய்தால் மணிக்கட்டு வலிக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நமக்கும் உங்களுக்கும் இப்போதுள்ள மூன்றரை மணி வித்தியாசம் நாலரையாகும். சென்னை டீமோடு நடக்கும் மீட்டிங் இந்திய நேரப்படி மதியம் 2.30-க்குப் பதிந்திருந்தால், இன்று உனக்கு காலை 11 மணி, அந்த வாரத்திலிருந்து 10 மணி. பெர்லின் நேரப்படி பதிந்திருந்தால் சென்னைக்காரர்களுக்குத்தான் 3.30 ஆகிவிடும். யார் பதிந்தது என்று முன்கூட்டியே பார். அன்று அதிகாலை 2 முதல் 3 வரையிலான ஒரு மணி நேரம் இருமுறை வரும். 2.30-க்கு ஓடும் கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் புரோகிராம்) ஏதாவது உள்ளூர் நேரத்தில் இருந்தால் இரண்டு தடவை ஓடக்கூடும், பில் போடுகிற ஜாப் என்றால் வாடிக்கையாளருக்கு இரண்டு பில். மார்ச் கடைசி ஞாயிறில் அந்த 2.30 வரவே வராது, ஜாப் ஓடாமலே போகலாம். யுடிசி என்கிற, மாறாத உலகப் பொது நேரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆன்-கால், அதாவது ராத்திரியிலும் கோளாறு வந்தால் எழுந்து பார்க்கிற முறை, பற்றி நீ பயப்படுவது நியாயம். ஆனால் அங்கே சட்டம் உன் பக்கம். ஒரு நாள் வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும். இரவு 3 மணிக்கு அலர்ட் வந்து 4 மணி வரை உட்கார்ந்தால், பொதுவாக அடுத்து வேலை தொடங்குவது மாலை 3 மணிக்குத்தான். சில ஒப்பந்தங்களில் வேறு ஏற்பாடு இருக்கும், படித்துப் பார். நம் பிள்ளைகள் காலை 9-க்கு லாகின் செய்து நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். அது வேண்டாம்டா, உடம்பு கெடும்.

அங்கே உனக்கு இட்லி மாவு புளிக்கவில்லையே என்று அம்மா வருத்தப்பட்டார்கள். இங்கே ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அங்கே 19, 20 டிகிரி அறையில் ஒரு நாள் ஆனாலும் அசையாது. அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, அரை ஸ்பூன் வெந்தயம், அளவு அதேதான். உப்பைப் போட்டுக் கையாலேயே கலந்து, பாதி பாத்திரம் காலியாக இருக்கும்படி ஊற்றி, ஓவனுக்குள் (பேக்கிங் அடுப்பு) வை. விளக்கை மட்டும் எரியவிடு. புது ஓவன்களில் எல்இடி விளக்கு சூடே தராது. அப்படி இருந்தால் காலி ஓவனை 50 டிகிரியில் இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, உள்ளே கையை வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் மாவை வைத்து மூடு. அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதே. கதவில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டு, உடன் இருப்பவன் பீட்சாவுக்காக ஓவனைப் போட்டுவிடுவான்.

கடைசியாகப் பணம். வேலைக்கென்று வெளிநாடு போன பிறகு இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். இங்குள்ள வீட்டு வாடகை அதில் வரட்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ என்கிற கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் ஜெர்மனியில் வசிப்பதால் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திரு, ஓடிபி அதற்குத்தான் வரும்.

அந்த இரண்டு கணக்குக்கான படிவங்களும் இத்துடன். பாஸ்போர்ட், விசா, பான் அட்டை நகல்களோடு அந்த முகவரிப் பதிவுச் சான்றையும் வை, வெளிநாட்டு முகவரி ஆதாரம் அதுவேதான். நகல்களில் தூதரகத்தின் சான்றொப்பம் கேட்பார்கள், வாங்கிவிடு. கையெழுத்தை வங்கியில் முன்பு போட்ட மாதிரியே போடு, மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவரை எனக்கே அனுப்பு, மஞ்சக்குப்பம் கிளையில் நானே கொடுத்து ரசீது வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்