பத்து ரூபாய் நோட்டு நுழையும் இடைவெளி

பாய்சி, ஐடஹோ

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? அம்மா முழங்கால் அறுவை முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. படிக்கட்டு ஏற இன்னும் கொஞ்ச நாள் விடாதே.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கடையில் ரெடியாகக் கிடைக்கும் வேட்டைத் துப்பாக்கியை விட்டுவிட்டு எதற்கு ஒன்றரை வருஷமாக ஒன்றைப் பாகம் பாகமாகப் பூட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது உன் கேள்வி. அண்ணன் எதற்கு உயிரைக் கொல்கிறார் என்பது தங்கச்சி கேட்கச் சொன்னது. முதலில் உன் கேள்வி. லேத்தும் அரமும் உன் தொழில், சுருக்கமாகச் சொன்னால் விடமாட்டாய்.

ஆரம்பம் ஒரு பழைய ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி. 1962-இல் வந்த மாடல். அதன் அளவுக்கே குழல், தோளில் வைக்கும் கட்டை, விசை எல்லாம் இன்றும் பலர் செய்து விற்கிறார்கள், அதனால் சேர்ப்பவர்களுக்கு அது வசதி. எனக்கு வேண்டியிருந்தது அதன் ஆக்‌ஷன் மட்டும்தான். தோட்டா ஏறி, பின்வாயை அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்ளும் அந்த எஃகு உடலுக்குப் பெயர் அது. இங்கே சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி. நான் உரிமம் உள்ள கடை வழியாக வாங்கியதால், படிவம் நிரப்பி, பின்னணி விசாரணை முடிந்தபிறகுதான் கைக்கு வந்தது. குழலும் கட்டையும் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன.

லேத் வேலையை நான் செய்யவில்லை. அதற்கென்றே ஐம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன், பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார். குழலை நாலு தாடை சக்கில் பிடித்து, டயல் கேஜை வைத்து, துளைக்கு நடுப் பார்த்தார். வெளிவட்டத்துக்கு அல்ல, உள்ளே இருக்கும் துளைக்கு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம், உன் கணக்கில் 25 மைக்ரான், அதுகூட அவருக்குப் பொறுக்கவில்லை. முள் ஆடுவதே தெரியாத அளவுக்கு வந்தபிறகுதான் சக் சாவியைக் கீழே வைத்தார். பாலிடெக்னிக்கில் நீ டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பாயே, அதே முகம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷமாகச் சிப் தொழிற்சாலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலையைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கட்டிங் ஆயில் வாசனையை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. நீ கேட்டதற்குப் பாதிப் பதில் இதுதான்.

தோட்டா 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம். எல்க் மானுக்கு அந்த வலு வேண்டும். நம் மலைக் கடமானைவிடப் பெரியது, பெண் எல்க்கே 220 கிலோ வரும்.

கட்டை மட்டும் என் கைவேலை. இப்போதெல்லாம் கார்பன் நார்க் கட்டைதான் பலரும் போடுகிறார்கள். மழை வெயிலுக்கு அசையாது, எடையும் குறைவு. நான் வால்நட் மரம் வாங்கினேன். உளியும் அரமும் உப்புத்தாளுமாக ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் படும் இடத்தைக் காட்டும் நீல மையைத் தடவி, ஒட்டுப் பார்த்து, பட்ட இடத்தை மட்டும் சீவி, மறுபடி தடவி, மறுபடி சீவி... உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கடைசியில் எபாக்ஸி ஊற்றிப் படுக்கை போட்டேன். லின்சீட் எண்ணெய் பூசியதும் மரத்தின் ரேகை தேன் நிறத்தில் எழுந்து வந்ததே, வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம்தான் சோதனை. கோடையில் சுடுதளத்தில் நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. செப்டம்பரில் அதே துப்பாக்கி, அதே தோட்டா, உள்ளங்கை அளவுக்குச் சிதறியது. மருந்தை மாற்றினேன். மருந்தை இங்கே கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள், ஒரு குன்றிமணியில் பாதி எடை என்று வைத்துக்கொள். அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு அலைந்தேன். ஸ்கோப்பை இரவல் வாங்கி மாற்றினேன். திருகுகளை முறுக்கு அளவு (டார்க்) பார்த்து மறுபடி முடுக்கினேன். குழலையே சந்தேகித்து, அந்தப் பெரியவரிடம் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை, "தாள் விட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

குழல் கட்டையில் எங்கும் படக்கூடாது, மாப்பிள்ளை. ஆக்‌ஷனில் மட்டும் பிடித்து, மிச்சமெல்லாம் காற்றில் நிற்க வேண்டும். சுடும்போது குழல் தம்புராத் தந்தி மாதிரி அதிரும். எங்காவது மரம் இடித்தால் அதிர்வு மாறும், குண்டு போகும் இடமும் மாறும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. வேலை முடிந்த அன்றே செய்திருந்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் அது காய்ந்த ஜூலை மாதம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு, பர்ஸில் கிடந்த பத்து ரூபாய் நோட்டை மடிக்காமல் விட்டு இழுத்தேன். முனையிலிருந்து ஒரு சாண் தூரம் வந்து நின்றுவிட்டது. ஈரத்தில் மரம் ஊதி, இடது பக்கம் குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தின் உட்புறத்துக்கு நான் எண்ணெய் சரியாகப் பூசவில்லை, மேலே தெரியும் அழகுக்குத்தான் பூசியிருக்கிறேன். உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி ஒரு மில்லிமீட்டர் எடுத்து, உள்ளேயும் நன்றாக அடைத்துப் பூசினேன். மறுவாரம் ஐந்து குண்டும் பழையபடி ஒரே இடத்தில். நேரே பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார்.

கடையில் வாங்கியிருந்தால் இது என் தப்பு என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. மீதிப் பாதிப் பதில் இது.

இனி தங்கச்சிக்கு. வேட்டை உரிமம் வாங்க நான் வகுப்புக்குப் போனேன். 1975-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு இங்கே அது கட்டாயம். பக்கத்து நாற்காலியில் பத்து வயதுப் பையன். எப்போது சுடக்கூடாது என்றுதான் அதிக நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். சுட்ட மிருகத்தின் இறைச்சியை வீணாக்கினால் குற்றம், விற்கவும் கூடாது. துப்பாக்கி, தோட்டா தயாரிப்பவர்களிடம் வாங்கும் தனி வரியை, 1937-இல் வந்த ஒரு சட்டப்படி காட்டு விலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் தங்கச்சியின் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது, தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்டோபரில் ஒரு பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் பெண் எல்க் ஒன்று நின்றது. தூரமானியில் 640 கஜம். இந்தத் துப்பாக்கிக்கு அது எட்டும் தூரம்தான். தாளில் அந்தத் தூரத்தில் அடித்திருக்கிறேன். ஆனால் என் காலடிப் புல் இடது பக்கம் சாய்ந்திருந்தது, எதிர்ச்சரிவுச் செடிகள் வலது பக்கம். 500 கஜத்திலேயே பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று குண்டை ஓரடிக்கு மேல் தள்ளிவிடும். நெஞ்சுக்குப் பார்த்தது வயிற்றில் படும். குண்டு அங்கே போய்ச் சேர முக்கால் நொடி ஆகும், அதற்குள் அது ஓர் அடி எடுத்து வைத்தாலும் அதே கதிதான். வயிற்றில் பட்ட மான் எங்கோ புதரில் கிடந்து மணிக்கணக்கில் சாகும். போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தேன். ஓடை வழியாக இறங்கி, காற்றுக்கு எதிரே ஏறி, இரண்டு மணி நேரம். 230 கஜத்தில் ஒரு பாறை மேல் கட்டையைச் சாய்த்தேன். ஒரே குண்டு. நாற்பது அடி நடந்து விழுந்தது. பக்கத்தில் போய்த் தொட்டபோது கழுத்து மயிர் ஈரமாக, சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இறைச்சியை நண்பர்கள் மூன்று பேரோடு சுமந்து கீழே கொண்டுவர இருட்டிவிட்டது. இந்தக் குளிர்காலத்துக்குக் கறிக்கடைக்குப் போகவில்லை. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் வெள்ளாட்டுக் கறியைவிட மிருதுவாக இருக்கிறது, கொழுப்பு மட்டும் கம்மி.

தங்கச்சி இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாலும் எழுது.

பிப்ரவரி கடைசியில் ஊருக்கு வருகிறேன், பதினைந்து நாள். உன் பட்டறைக்கு அந்தப் புது சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) வந்து இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தாலும் அப்பா காலத்துப் பழைய லேத்தை விற்றுவிடாதே. ஒரு மத்தியானம் அதில் நிற்க வேண்டும் எனக்கு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்