ஆப்பிரிக்காவுக்கு எதற்குத் தனித்தாள்?

அன்புள்ள செல்வம்,

நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று கேட்டு நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. இருக்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக என் நரைத்த மீசையைக் கண்டுபிடித்துத் திட்டினார். பெரியவன் கோவையில் சேர்ந்துவிட்டான். ராஜமாணிக்கத்தை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன்; அந்த நூற்றைம்பது ரூபாயைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாடத்திட்டக் குழுவில் முதுகலை மாணவர்களுக்கு விருப்பத்தாளாக ஆப்பிரிக்க வரலாறு வைக்கலாம் என்று ஒரு வரைவு கொண்டுபோனேன். மூத்தவர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் போறதுக்கு முந்தி அங்க என்ன சார் இருந்துச்சு, ஒரு தாள் நிரம்புமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். இந்திய வரலாற்றில் தெற்குக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான் ஒதுக்குகிறார்கள் என்று மேடைக்கு மேடை பொருமுகிறவர்தான் இவரும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கேட்டது அவருடைய சொந்தக் கேள்வியும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டும்தான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்று 1963-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் சொன்னார். அவருக்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் அந்தக் கண்டத்தை உலக வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அந்த இருட்டு எப்படி வந்தது என்பதை நீ கிரேட் ஜிம்பாப்வேயில் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விடமாட்டேன், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்.

இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கியே எழுப்பிய நகரம் அது. பெரிய சுற்றுமதில் சில இடங்களில் 11 மீட்டர் உயரம், சுற்றளவு 250 மீட்டர். ஷோனா மக்களின் முன்னோர் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுவரை கட்டி வாழ்ந்தது. உள்ளிருந்து பொன் கிழக்குக் கடற்கரைக்குப் போனது. சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் உள்ளே வந்தன. 1871-ல் அங்கே போன கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர் என்ன செய்தார் தெரியுமா? வாசல் உத்தரத்தில் ஒரு சிம்பைச் சீவி எடுத்து, தன் பென்சில் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஆகவே இது லெபனான் தேவதாரு, ஆகவே கொண்டுவந்தவர்கள் அந்தக் கரையின் பழைய கடல் வணிகர்களான ஃபினீசியர், ஆகவே கட்டடம் பைபிளில் வரும் ஷீபா ராணியுடையது. நம் வார்டன் மெஸ் கணக்கு எழுதியதே இதைவிட நாணயமாக இருக்கும்.

மவுக்கையாவது சிரித்துவிட்டுப் போகலாம். 1902-லிருந்து அங்கே காப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹால், 'பழங்காலக் கட்டடக்காரர்களை' தேடுகிறேன் என்று, பிற்காலக் கறுப்பர்கள் விட்டுப்போன அழுக்கு என்று அவர் நினைத்த மண்ணடுக்குகளை வாரி வெளியே கொட்டினார். அந்த மண்தான் சான்று! யார் வாழ்ந்தார்கள், என்ன சமைத்தார்கள், என்ன பானை பிடித்தார்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதைக் கொட்டிவிட்டு, ஆப்பிரிக்கர் கட்டியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். 1905-ல் ராண்டல்-மகைவர், 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர்கள் இருவருமே தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று எழுதினார்கள். எழுதி என்ன? அப்போது அந்த நாட்டுக்கு ரொடீசியா என்று பெயர்; அங்கே குடியேறிய வெள்ளையரின் அரசு அதன் பிறகும் அந்நியர் கதையை விடவில்லை. தொல்லியல் அதிகாரி பீட்டர் கார்லேக் உண்மையைச் சொன்னதற்காக 1970-ல் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. 1980-ல் விடுதலை வந்தபோது நாட்டுக்கே அந்தக் கற்கோட்டையின் பெயரை வைத்தார்கள். அங்கே கிடைத்த கற்பறவை கொடியில் ஏறியது.

இப்போது நீ ஆரம்பிப்பாய்: "அவன் ஐரோப்பாவைத் தூக்கினான், இவன் ஆப்பிரிக்காவைத் தூக்குகிறான், இதுவும் ஜம்பம்தானே?" போன முறை வந்தபோது நீ இதைச் சொல்லிவிட்டு என் பஜ்ஜியையும் தின்றாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். செனகல்காரர் ஷேக் அன்டா டியோப்பையே எடுத்துக்கொள். பண்டைய எகிப்து கறுப்பர் நாகரிகம் என்று அவர் பாரிஸில் எழுதிய ஆய்வை மதிப்பிட ஒரு குழுவே அமையவில்லை. 1954-ல் புத்தகமாகப் போட்டார், 1960-ல்தான் டாக்டர் பட்டம். செனகல் தலைநகர் டக்காரில், பழம்பொருளின் வயதைக் கணிக்கும் கார்பன்-14 கூடம் அமைத்தார். 1974-ல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்குக்கு அவரும் தியோஃபில் ஒபெங்காவும் அத்தனை தயாரிப்போடு போனார்கள். எதிர்த்தரப்பு அவ்வளவு தயாராக வரவில்லை என்று அறிக்கையே குறித்தது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் அவருடைய முடிவை ஏற்கவில்லை. எனக்கும் தயக்கம் உண்டு. எகிப்தைக் கைப்பற்றினால்தான் மரியாதை என்றால், அளவுகோல் இன்னமும் பாரிஸில்தானே இருக்கிறது? பிரமிடு கட்டாத ஷோனா விவசாயி எந்தக் கணக்கில் வருவான்?

எல்லாம் எங்களிடமிருந்தே தொடங்கியது என்கிற அந்த ருசி நமக்கு நன்றாகத் தெரியும். இதில் ஒரு நிஜத் தொடர்பும் உண்டு. செனகல் அதிபர் செங்கோர் சென்னைக்கு வந்து, திராவிடப் பண்பாட்டையும் கறுப்பினப் பண்பாட்டையும் சேர்த்துப் பேசியவர். நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டக்கார் பல்கலையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்த ஒப்பீடுகளில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு சண்டை, நேரில் வைத்துக்கொள்வோம்.

நான் நம்புவது கென்யாவின் நைரோபிக்காரர்களை. 1968-ல் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, டபான் லோ லியோங், ஓவோர் அன்யும்பா மூவரும் நைரோபிப் பல்கலைக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள்: ஆங்கிலத் துறையை மூடுங்கள். ஷேக்ஸ்பியரைக் கொளுத்தச் சொல்லவில்லை. ஆப்பிரிக்க இலக்கியத்தை, வாய்மொழிக் கதைகளையும் சேர்த்து, நடுவில் வையுங்கள். அங்கிருந்து மற்றவற்றைப் பார்ப்போம் என்றார்கள். துறை இலக்கியத் துறையானது. பிற்பாடு அமெரிக்காவில் மொலேஃபி அசாந்தே ஆப்பிரிக்க மையவாதம் என்று கோட்பாடாகக் கட்டியதிலும் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆப்பிரிக்கன் வேறு யாருடைய கதையிலோ ஓரமாக நிற்பவன் இல்லை, தன் கதையில் செய்பவன். யார் பெரியவன் என்கிற கேள்வியே இதில் இல்லை. அதற்காக 'ஆப்பிரிக்கப் பார்வை' என்று ஒற்றைப் பார்வை இருப்பதாகவும் சொல்லமாட்டேன். கண்டம் முழுக்க எல்லாரும் ஒரே மாதிரி சிந்திக்கிறார்கள் என்பதைப் பெனின் நாட்டுத் தத்துவவாதி ஹூண்டோஞ்சியே போட்டுக் கிழித்திருக்கிறார். அவருக்கும் தாளில் ஒரு அலகு உண்டு.

ஆமாம், தாளை விடவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் புது வரைவு கொண்டுபோகிறேன். யுனெஸ்கோ போட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாற்றின் முதல் எட்டுத் தொகுதிகளையும் மேசைமேல் அடுக்கி, "நிரம்புமா பாருங்க சார்" என்று கேட்பதாக இருக்கிறேன். நூலகத்தில் மூன்றுதான் இருக்கிறது, மீதிக்கு அலைகிறேன். உன் பழைய துறையில் இருந்தால் வாங்கி அனுப்பு. பார்சல் செலவை ராஜமாணிக்கத்தின் கணக்கில் எழுதிக்கொள்.

கூடவே வரைவின் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். மூன்றாம் அலகில் வர்த்தகத்துக்கு இடம் குறைவோ என்று சந்தேகம். படித்துவிட்டு, வழக்கம்போல ஓரத்தில் கெட்ட வார்த்தை எழுதாமல், திருத்திக் கொடு. கீதாவுக்கு என் அன்பு.

உன்,
பாண்டியன்