இன்னும் அமையாத ஒரு குழுவுக்கு

சிங்கப்பூரின் தேர்தல் தொகுதி எல்லைகள் மறுஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இதை எழுதும் நேரத்தில் நீங்கள் இல்லை. உங்களுக்கு முந்தைய குழுவின் அறிக்கை 2025 மார்ச் 11 அன்று வெளியானது. மே 3 அன்று வாக்களித்தோம். அத்துடன் அந்தக் குழுவின் வேலை முடிந்தது. அடுத்த பொதுத்தேர்தல் நெருங்கும்போது பிரதமர் மறுபடியும் ஒரு குழுவை அமைப்பார். அப்போது கடிதம் போட்டால் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன்.

நான் தீவின் வடகிழக்குப் பக்கம் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. இது ஒரு புளோக்கின் பிரச்சினை இல்லை. வீடு மாறவில்லை, கதவு எண் மாறவில்லை. சேவை, பராமரிப்புக் கட்டணச் சீட்டின் தலைப்பில் உள்ள, புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பெயர் மட்டும் மூன்று தடவை மாறிவிட்டது. ஒருமுறை மின்தூக்கியில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். "உங்கள் புளோக் இப்போது எங்களிடம் இல்லை" என்றார்கள். பழுதுபார்க்க ஆள் வந்துவிட்டார், அது வேறு. ஆனால் அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டது. நாங்கள் அங்கேயேதான் இருந்தோம், போனது கோடு.

இந்தச் சின்னத் தீவில் ஒரு வீட்டின் மேல் எத்தனை கோடுகள் ஓடுகின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 55 திட்டப் பகுதிகளில் ஒன்று. வீவக சொல்லும் நகரம் ஒன்று. ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களில் ஒன்று. பல எம்பிக்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி ஒன்று, அதன் நகர மன்றம் ஒன்று. போதாததற்கு, வீட்டு முகவர்கள் இன்னமும் எங்களை "டிஸ்டிரிக்ட் 19" என்கிறார்கள். அது 1950இல் வந்த அஞ்சல் வட்டார எண். 1995இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்த பிறகு அஞ்சல்காரருக்கே அது தேவைப்படவில்லை. ஆனால் வீடு விற்பவருக்குத் தேவைப்படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் முக்கிம் இருக்கிறது. மலாய் நாட்டுப் பழைய நிலப் பிரிவு. ஒரு முக்கிமுக்கு ஒரு பெங்குலு, அதாவது ஊர்த்தலைவர், என்றிருந்த காலத்துச் சொல். பெங்குலுக்கள் போய்விட்டார்கள், கம்பங்கள் என்ற கிராமங்களும் போய்விட்டன. முக்கிம் போகவில்லை. நில அளவைக்காக இந்தத் தீவு இன்றைக்கும் 34 முக்கிம்களாகவும் 30 நகர உட்பிரிவுகளாகவும்தான் பிரிந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் காப்பது சிங்கப்பூர் நில ஆணையம். அந்த ஆணையத்தின் தலைமை நிர்வாகி உங்கள் குழுவில் உட்காருவார். வீவக தலைமை நிர்வாகியும் தலைமைப் புள்ளிவிவர வல்லுநரும் இருப்பார்கள். பிரதமரின் செயலாளர் தலைமை தாங்குவார். ஆக, ஒரு கோட்டைத் தலைமுறை தலைமுறையாக அசையாமல் காப்பது எப்படி என்று தெரிந்த ஓர் அமைப்பு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

உள்ளாட்சி இங்கே எப்படி வந்து எப்படிப் போனது என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகராட்சி ஆணையர்கள் வந்தார்கள். 1887இல் வந்த சட்டம் நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் வெவ்வேறாகப் பிரித்தது. பிற்பாடு நாட்டுப்புறத்தை ஊரக வாரியம் பார்த்துக்கொண்டது. 1951இல் சிங்கப்பூருக்கு மாநகர் தகுதி கிடைத்தது. 1929இல் கட்டிய நகராட்சிக் கட்டடம் சிட்டி ஹால் ஆனது. 1957 டிசம்பரில் மாநகர் மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயரானார். வந்த வேகத்தில் பழைய சடங்குச் செங்கோலை ஒதுக்கிவைத்தார். அந்த மன்றத்தில் ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றிலும் பேசலாம் என்றானது. தண்ணீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பற்றி ஓர் உள்ளாட்சி மன்றத்தில் தமிழில் வாதாட முடிந்த காலம் அது. என்னைக் கேட்டால், நம் பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஆனால் அது நிலைக்கவில்லை. 1959 ஏப்ரலில் மேயர் பதவி விலகினார். அந்த ஆண்டே சுயாட்சி அரசாங்கம் மாநகர் மன்றத்தின் வேலைகளைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. ஒரே தீவு, ஒரே அரசாங்கம், இரண்டு அடுக்கு எதற்கு என்ற நியாயம். அதை ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் வந்து தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் ஒரே கூரையின் கீழ் வந்ததில் நமக்கு நன்மைதான். மாநகர் மன்றம் போனது, சிட்டி ஹால் என்ற பெயர் மட்டும் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தங்கியது. கட்டடம் இப்போது தேசியக் கலைக்கூடம். 'மேயர்' என்ற சொல் சமூக மேம்பாட்டு மன்றங்களோடு திரும்பி வந்தது. அவை 1997இல் தொடங்கி ஒன்பதாகி, 2001இல் ஐந்தாகக் குறைந்தன. அந்த மேயர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்.

அப்புறம் 1986இல் ஆங் மோ கியோவில் நகர மன்றங்களை முன்னோட்டமாக நடத்திப் பார்த்தார்கள். 1988இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் குழுத்தொகுதி முறையும் வந்தது. என் மனக்குறை தொடங்குவது இங்கேதான். அதுவரை வீவக பார்த்துவந்த நடைபாதை, மின்தூக்கி, கீழ்த்தளம், குப்பை எல்லாம் எம்பிக்களின் பொறுப்புக்கு வந்தன. நீங்கள் வாக்களித்தவர் உங்கள் பேட்டையை நிர்வகிக்கட்டும், நன்றாகச் செய்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அடிப்படை எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் மூலம் நம் நாட்டு உள்ளாட்சிக்கு இருந்த ஒரே எல்லை, தேர்தல் எல்லையோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் நீங்கள் வரைபடத்தை மாற்றும்போது, வாக்குச்சீட்டோடு சேர்த்துத் துடைப்பமும் கை மாறுகிறது. கணக்குப் புத்தகம் மாறுகிறது, நாங்கள் மாதாமாதம் கட்டிச் சேர்ந்த பராமரிப்பு நிதியில் எங்கள் புளோக்குகளின் பங்கும் கை மாறுகிறது.

நன்றாகச் செய்கிறாரா என்று ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு, ஆறாம் ஆண்டில் அவர் பெயரே என் வாக்குச்சீட்டில் இல்லையென்றால் நான் பார்த்ததை எங்கே எழுதுவது?

பெயர்களையும் சொல்ல வேண்டும். மரீன் பரேட் என்பது கடலைத் தூர்த்து எழுபதுகளில் எழுந்த பேட்டை. சிராங்கூன் பக்கத்துப் பிரேடல் ஹைட்ஸ் வெகுகாலம் அந்தப் பெயரில் இருந்த குழுத்தொகுதிக்குள் இருந்தது. அலைச் சத்தம் கேட்காத கடற்கரைவாசிகள். 2025இல் உங்களுக்கு முந்தைய குழு மரீன் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் என்று இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தது. நன்றி, அது சரியான திருத்தம். ஆனால் அதே வரைபடத்தில், ஒரே எம்பியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியாக இருந்த மெக்பர்சன் அதற்குள் கரைந்தது. ஜூ சியாட் பக்கம் ஈஸ்ட் கோஸ்ட்டுக்குப் போனது. இந்த ஜூ சியாட் 2011 வரை ஒரு தனித்தொகுதி. 2015இல் மரீன் பரேட்டுக்குள் போய், பத்து ஆண்டில் மறுபடி இடம் மாறியது. ஜூரோங் குழுத்தொகுதி என்ற ஒன்றே இப்போது இல்லை. இன்னும் பின்னால் போனால் ஆன்சன், யூனோஸ், செங் சான். இவையெல்லாம் சூடான போட்டி நடந்த தொகுதிகள், பிறகு வரைபடத்திலிருந்து மறைந்தவை. ஏன் மறைந்தன என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், காப்பிக்கடையில் அதைக் கேட்கலாம். அந்தக் கதைகளில் எது உண்மை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. காரணம் எழுதப்படாத இடத்தில் கதை முளைக்கத்தான் செய்யும்.

மக்கள் பொங்கோலுக்கும் தெங்காவுக்கும் குடிபோகிறார்கள், பழைய பேட்டைகளில் வாக்காளர் எண்ணிக்கை குறைகிறது, கோடு மாறாமல் இருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஒரு எம்பிக்கு இத்தனை வாக்காளர் என்ற சராசரியிலிருந்து 30 விழுக்காடு வரை ஏறலாம், இறங்கலாம் என்ற இடமும் உங்களுக்கு இருக்கிறது. 2025 அறிக்கை முந்தையவற்றைவிடக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசியது என்பதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் ஒரு புளோக்கில் இருப்பவருக்கு அது போதவில்லை.

நான் கேட்பது ஒரு பின்னிணைப்பு. நீங்கள் இடம் மாற்றும் ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டாரத்துக்கும் மூன்று வரி போதும்: 1988 முதல் இது எந்தெந்தத் தொகுதியில் இருந்தது, இப்போது எங்கே போகிறது, பக்கத்து வட்டாரத்தை விட்டுவிட்டு இதை மாற்றியதற்கு என்ன காரணம். நில ஆணையத்தாரிடம் பழைய வரைபடங்கள் இருக்கும், அதிகம் தேட வேண்டியிருக்காது. அதை நான்கு மொழியிலும் அச்சடித்து மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கூடவே, எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதையும்.

இப்படிக்கு,
டிஸ்டிரிக்ட் 19இல் ஒரு குடியிருப்பாளர்