தம்பிக்கு, தகரப்பெட்டி விஷயமாக

தம்பி,

ஐப்பசியில் அப்பாவின் முதல் திதி. அதற்குள் தோட்டத்தை நம்ம பேருக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னது நீதான். இனி உன்னை எதிர்பார்ப்பதாக இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றுக்கு நானே மனு கொடுக்கப்போகிறேன். வாரிசுகளில் யார் கொடுத்தாலும் செல்லும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதினாறு முடிந்த மறுநாள் தகரப்பெட்டியை வாசலில் கவிழ்த்தாயே, அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கிறது. ஆதாரம் என்கிற கிரயப் பத்திரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள், வங்கி நோட்டீசு, மோட்டார் ரிப்பேர் பில், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, எல்லாம் ஒரே குவியல். முதலில் ரசீதுகளைப் பொறுக்கினாய். மடிப்பை உள்ளங்கையால் நீவி நீவி, வருஷவாரியாக அடுக்கி நூலால் கட்டினாய். பிறகு ஆதாரத்தைப் பிரித்தாய். முழுக்க மலையாள எழுத்து. அதில் பழைய சர்வே நம்பர், ரசீதில் மறுபடி அளந்தபோது கொடுத்த ரீசர்வே நம்பர். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டு மூடினாய். “ஒண்ணுமே முடியலைக்கா” என்றாய்.

ஒன்று முடிந்திருந்தது, சாமி. அந்த ரசீதுக் கட்டு. எந்தெந்த வருஷம் கரம் பாக்கி என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. தண்டப்பேர் நம்பரும், அதாவது வில்லேஜ் ஆபீஸின் நிலக்கணக்கு நம்பரும், அதில் இருக்கிறது, அது இல்லாமல் வில்லேஜ் ஆபீஸில் பேச்சே ஆரம்பிக்காது. ஆனால் நீ அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. “தோட்டத்தை நம்ம பேருக்கு மாத்தணும்” என்பதுதான் உனக்கு வேலை. அது வேலையே இல்லை, பத்துப் பதினைந்து வேலைகளுக்குச் சேர்த்து வைத்த பெயர். அந்தப் பெயரை நோட்டில் எழுதி வைத்தால், பார்க்கும் போதெல்லாம் மனசு சோர்ந்து போவதுதான் மிச்சம்.

அதே நீதான் 21 நாள் கெடுவுக்குள் இறப்பைப் பதிந்து சான்றும் வாங்கி வந்தாய். ஒரே ஆபீஸ், ஒரே காகிதம், ஒரு கெடு. ஒரு வேலை அந்த அளவில் இருந்தால் போதும். உட்கார்ந்து எழுந்தால் முடிந்திருக்க வேண்டும், முடிந்ததும் கையில் ஒரு காகிதமோ நம்பரோ மிஞ்ச வேண்டும். மூன்று தடவை தள்ளிப்போன வேலை இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் உடை. “வில்லேஜ் ஆபீஸ் போகணும்” தள்ளிப்போகிறதா, “கடைசி ரசீதை போட்டோ எடுக்கணும்” என்று எழுது.

நீ தடுக்கி விழுந்தது வரிசையில். கஷ்டமானதை முதலில் எடுத்தாய். முதலில் தொடங்க வேண்டியது காத்திருப்பு உள்ளதை. வாரிசுச் சான்றுக்கு வில்லேஜ் ஆபீசர் அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை தர வேண்டும், அப்புறம் கெசட்டில் விளம்பரம், ஆட்சேபம் சொல்ல 30 நாள். நீ தூங்கினாலும் அந்த 30 நாள் ஓடும். ஆதாரம் புரிந்த பிறகு மனு கொடுக்கலாம் என்று இருந்ததில்தான் இத்தனை மாசம் போனது. அந்தக் காத்திருப்பிலேயே மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்: அக்ஷயா என்கிற இ-சேவை சென்டரில் கரம் பாக்கியைக் கட்டுவது ஒரு நாள், கொழிஞ்சாம்பாறையில் ஆதாரம் எழுதுகிறவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னொரு நாள், வில்லங்கச் சான்று வேறொரு நாள்.

பெயர் விஷயம் மட்டும் உடனே பார்க்க வேண்டியது. ஆதார் கார்டில் அப்பா இனிஷியலோடு இருக்கிறார், ஆதாரத்தில் தாத்தா பெயர் முழுசாக முன்னால் நிற்கிறது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் தனியாகச் சான்று வாங்க வேண்டிவரும். பெரும்பாலும் இது கடைசியில்தான் கண்ணில் படும், போன மனு திரும்பி வரும். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, ஆதாரம் நாலிலும் உள்ள பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார். கால் மணி நேர வேலை.

மனுவில் அம்மா, அப்பத்தா, நீ, நான். அப்பத்தாவை விட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். யார் என்று எழுதமாட்டேன், அவரும் இதைப் படிப்பார். அப்பா சொந்தமாக வாங்கிய நிலம், உயில் இல்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெற்றவளும் முதல் வகுப்பு வாரிசு, நாலு பேருக்கும் சம பங்கு. ஒரு பெயரை மறைத்தால் சான்றே நிற்காது. மகளும் அந்த நாலில் ஒருத்திதான். “அவளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்று சொன்னபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

அதை இங்கே வளர்த்த வேண்டாம். சான்று வந்ததும் நாலு பேர் பேரிலும் கூட்டாகப் போக்குவரவு, அதாவது வில்லேஜ் கணக்கில் பெயர் மாற்றம், இந்த நோட்டு அதோடு முடிகிறது. பாகம் பிரிப்பது, நான் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவேனா மாட்டேனா என்பதெல்லாம் வேறு நோட்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எதுவும் நகராது. நீ மலைத்துப்போனதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லார் முன்னாலும் உன்னைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்ல வைத்தது நீதான் என்றாலும். ராத்திரி தண்ணி முறைக்கு எழுந்து போகிறவனுக்குப் பகலில் தலை நிற்காது, அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் உன் பங்குக்கு எதுவுமே இருபது நிமிஷத்துக்கு மேல் வராமல் பிரித்திருக்கிறேன்.

இந்த வாரம் உனக்கு ஒன்றே ஒன்று. இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, நாலு காகிதத்திலும் உள்ள அப்பா பெயரை எழுதிய தாள், மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ஆதாரத்தில் அந்தப் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்காதே. புதன்கிழமைக்குள் வராவிட்டால் கோபாலபுரம் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் நானே வந்து எடுத்துக்கொள்வேன். பெட்டிச் சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்கும் தெரியும்.

அக்கா