வட்டத்தையும் ஊசலையும் பிரிக்காதீர்கள்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பாடநூல் எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பதினோராம் வகுப்பில் நாம் ஒரே இயக்கத்தை இரண்டு துண்டாக வெட்டி நடத்திக்கொண்டிருக்கிறோம். வட்ட இயக்கம் பாடநூலின் முதல் தொகுதியில், இயக்கவியலிலும் இயக்க விதிகளிலும் வந்து, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அலைவுகள் இரண்டாம் தொகுதியின் பத்தாம் அலகு. அதைத் தொடும்போது செய்முறைத் தேர்வு கண்முன் நிற்கிறது. இடையில் ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், வாயுக்களின் இயக்கவியற் கொள்கை என்று மாதங்கள் ஓடிவிட்டிருக்கும். மையநோக்கு முடுக்கம் என்ற ஒன்றைப் படித்ததே மாணவர்களுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே பாடமாக நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். சீரான வட்ட இயக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரிவதே தனிச்சீரிசை இயக்கம். கரும்பலகையில் ஒரு சமன்பாடு ஏறுவதற்கு முன் மாணவர்கள் அதைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பாடநூலில் இது இல்லை என்று நான் சொல்லவில்லை. விட்டத்தின் மீதான வீழல், அதாவது சுற்றும் புள்ளியின் நிழல் விட்டத்தில் விழுவது, என்று படத்தோடு இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் பெரும்பாலான வகுப்புகளில் வாசித்துக் கடக்கப்படுகிறது, அல்லது வாசிக்கப்படாமலே கடக்கப்படுகிறது.

கடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சுருள்வில்லில் தொங்கும் எடை மேலும் கீழும்தான் போகிறது. அதில் சுழல்வது எதுவும் இல்லை. பிறகு ஏன் கோண அதிர்வெண் என்று எழுதுகிறோம்? நூலில் ஆடும் குண்டின் அலைவு நேரத்தில், வட்டத்தின் சுற்றளவுக்கு உரிய 'பை' என்ற எண் எப்படி வந்து உட்கார்ந்தது? நன்றாகச் சிந்திக்கிற பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்தால் அப்படித்தான் வரும் என்பது நம் வழக்கமான பதில். வகையிடலைக் கணித வகுப்பில் இன்னும் கற்று முடித்திராத பிள்ளைக்கு அது பதிலே ஆகாது. அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் செய்யச் சொல்வதற்குச் செலவு கிடையாது. ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு நூல்கள், ஒரே அளவான இரண்டு குண்டுகள். குண்டு இல்லாவிட்டால் இரண்டு பெரிய இரும்பு நட்டுகளே போதும். இரண்டையும் ஒரே உயரத்தில், மாணவர்கள் பார்க்கும் திசையில் ஒன்றின் பின் ஒன்றாக, இரண்டு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். பின்னால் இருப்பதைப் பத்து சென்டிமீட்டர் ஒதுக்கிப் பிடித்து, இழுத்த திசைக்குக் குறுக்காக மெல்லத் தள்ளினால் அது வட்டமடிக்கும். வட்டம் சற்று நீள்வட்டமாகப் போனாலும் பாதகமில்லை. முன்னால் உள்ள குண்டை இன்னொரு மாணவி வலப்பக்கம் பத்து சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்திருக்கட்டும். சுற்றுகிற குண்டு வலது ஓரத்தைத் தொடும் அதே நொடியில் அவள் கையை விட வேண்டும். மற்றவர்கள் வகுப்பின் கடைசிக்குப் போய், குண்டின் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும்.

எது சுற்றுகிறது, எது ஆடுகிறது என்று அங்கிருந்து சொல்ல முடியாது. முன்குண்டு பின்குண்டை மறைத்தபடியே இடமும் வலமும் போய்வரும். எழுந்து நின்று மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்று வட்டம், ஒன்று கோடு. மீண்டும் உட்கார்ந்தால் இரண்டும் கோடு.

போகப் போகச் சுற்றும் குண்டு மெல்ல முந்தத் தொடங்கும். அதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். சுற்றும் குண்டுக்குக் கணக்கில் வருவது நூலின் நீளமல்ல. நூல் கட்டிய இடத்திலிருந்து வட்டத்தின் மையம் வரையுள்ள செங்குத்து உயரம். ஒரு மீட்டர் நூலில் பத்து சென்டிமீட்டர் ஆரத்துக்கு அந்த உயரம் 99.5 சென்டிமீட்டர். ஆடும் குண்டோ வீச்சினால், அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை விலகும் அளவினால், துளியளவு மெதுவாகிறது. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தில் மூன்று பங்கு வேறுபாடு. தோராயம் எங்கே நுழைகிறது, அதன் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. வீச்சு பெரிதானால் விலையும் பெரிதாகும். ஊஞ்சலை இருபுறமும் 60 பாகை வரை வீசி ஆடினால் அலைவு நேரம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடிவிடும்.

இப்போது கரும்பலகைக்கு வரலாம். சுற்றும் குண்டின் மீது செயல்படுபவை இரண்டே விசைகள்: அதன் எடை, நூலின் இழுவிசை. இழுவிசையின் செங்குத்துக் கூறு எடையைத் தாங்குகிறது. கிடைக்கூறு குண்டை மையத்தை நோக்கி இழுக்கிறது. கிடைக்கூறுக்கும் செங்குத்துக் கூறுக்கும் உள்ள விகிதம், ஆரத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமேதான். ஒத்த முக்கோணங்கள், பத்தாம் வகுப்புக் கணிதம். கிடைக்கூறு தரும் முடுக்கம், ஒமேகா என்ற கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கியது. எழுதிப் பார்த்தால் நிறையும் ஆரமும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது, ஒமேகாவின் வர்க்கம் என்பது ஈர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் வகுத்தது என்ற ஒரே வரி. ஒரு முழுச் சுற்றுக்குக் கோணம் இரண்டு பை. அதை ஒமேகாவால் வகுத்தால் சுற்று நேரம் கிடைக்கிறது. சிறிய வட்டத்துக்கு உயரமும் நூலின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. தனி ஊசலின் சூத்திரம் வந்துவிட்டது. வகைக்கெழு ஒன்றுகூட எழுதவில்லை. பை எங்கிருந்து வந்தது என்று இனி எந்தப் பிள்ளையும் கேட்க வேண்டியதில்லை. அது சுற்றுவதைத்தான் பார்த்துவிட்டார்களே. வீச்சு சிறிதாக இருக்கும்வரை அலைவு நேரம் குண்டின் நிறையையும் வீச்சையும் ஏன் சார்ந்திருப்பதில்லை என்பதும் அந்த அடிபடலிலேயே தெரிகிறது.

இன்னொரு பழைய சிக்கலும் இதில் தீர்கிறது. ஓரத்தில் குண்டு ஒரு கணம் நிற்கிறதே, அங்கே முடுக்கம் சுழிதானே என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதுகிறார்கள். சுற்றும் குண்டைக் காட்டுங்கள். வலது ஓரத்தில் அதன் வேகம் குறையவே இல்லை; ஆனால் அது அப்போது நம் கண்ணை நோக்கியோ கண்ணைவிட்டு விலகியோ போகிறது, அதனால் நின்றதுபோல் தெரிகிறது. அதன் முடுக்கமோ மையத்தை நோக்கி, நம் பார்வைக்குக் குறுக்காக, முழு அளவில் கிடக்கிறது. நடுவில் இது தலைகீழ்: வேகம் முழுதும் தெரிகிறது, முடுக்கம் பார்வைக் கோட்டில் ஒளிந்துகொள்கிறது. முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் இருக்கும் என்ற வரையறையை அதன் பிறகு எழுதினால், பார்த்ததைத்தான் எழுதுகிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

இது நான் கண்டுபிடித்த வழியல்ல. இந்த இயலின் பிறப்பே இப்படித்தான். நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். கடிகாரங்களையும் ஊசல்களையும் பற்றி அவர் 1673இல் வெளியிட்ட நூலின் கடைசிப் பகுதியில் வருபவை வட்டத்தில் சுற்றும் பொருளின் விசை பற்றிய விதிகளும், ஆடுவதற்குப் பதிலாகச் சுற்றும் ஊசலால் ஓடும் ஒரு கடிகாரமும். அவர் கையில் ஒன்றாக இருந்ததைத்தான் நாம் இரண்டு தொகுதிகளில் வைத்திருக்கிறோம். அதற்கும் முன்பே, 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டபோது, அவை ஒரே கோட்டில் கோளின் இருபுறமும் போய்வரும் புள்ளிகளாகவே தெரிந்தன. அவற்றின் பாதைகளை நாம் ஏறக்குறைய விளிம்பிலிருந்து பார்க்கிறோம். அயோ ஏறத்தாழ 42 மணி நேரத்திலும் கலிஸ்டோ 17 நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் ஒரு முறை போய்வருகின்றன. பள்ளியில் சிறிய தொலைநோக்கி இருந்தால், சில வாரங்கள் கலிஸ்டோவின் தூரத்தை மாணவர்களே குறித்து வரைபடம் வரையலாம். சைன் வளைகோடு தானாக வரும்.

வட்ட இயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் தனித்த பொருள் விசைப்படம் வரையும்போது, வளைவில் திரும்பும் பேருந்துக்கு வெளிநோக்கி ஓர் அம்புக்குறி போடும் பழக்கத்தை நாமே சில நேரம் ஊட்டிவிடுகிறோம். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசை இல்லை. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு வளைவின் ஆரம் 15 மீட்டர், பேருந்தின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் வினாடிக்கு வினாடி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். 50 கிலோ நிறையுள்ள மாணவரை வளைவின் உட்பக்கம் தள்ள ஏறத்தாழ 100 நியூட்டன் வேண்டும், அதாவது அவர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதை இருக்கையோ பக்கச் சட்டமோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோ தருகிறார்கள். தருவது எது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத விசைக்கு அம்பு வரையக் கூடாது. வேகம் இரு மடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்கு. மழையில் நனைந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் உராய்வு அதற்குப் போதாது. இந்தக் கணக்கு மதிப்பெண்ணோடு முடிகிற கணக்கல்ல.

செய்முறைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். தனி ஊசல் சோதனையில் நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 0.248க்கு அருகில் வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால், ரெக்கார்டு நோட்டில் எல்லாருக்கும் அதுவே வருகிறது. ஈர்ப்பு முடுக்கம் எல்லாருக்கும் 9.8. சில பள்ளிகளில் நூலைத் தொடாமலே வருகிறது. இப்படி எழுத வைப்பது பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் முதல் அறிவியல் பொய்.

ஒரு மாணவருக்கு 10.86 வந்தால் அவரைத் திட்டாதீர்கள். அந்த எண் எவ்வளவு பேசுகிறது பாருங்கள்! குண்டை விட்டதும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். 'சுழி' என்று தொடங்கியிருக்க வேண்டும். பத்தொன்பது அலைவுகளை இருபது என்று எடுத்துக்கொண்டால், விடை இருபதின் கீழ் பத்தொன்பதின் வர்க்க மடங்கு பெருகும், 9.8 சரியாக 10.86 ஆகும். இன்னொருவருக்கு 9.7 வருகிறதா? நூலைக் குண்டின் உச்சி வரை அளந்திருப்பார், மையம் வரை அளந்திருக்க மாட்டார். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குண்டுக்கு ஒரு மீட்டரில் ஒரு விழுக்காடு பிழை. அதே மாணவர் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட்டால், கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழும். சாய்வோ கெடாது, அதிலிருந்து சரியான விடை கிடைக்கும். ஏன் வரைபடம் வரைகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் உண்டா? 9.8 என்று திருத்தி எழுதிய நோட்டில் இவை எதுவும் இராது. செய்முறைத் தேர்வு நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள்: விடைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், அளவீடுகளுக்கும் பிழையை விளக்குவதற்கும் கூட்டுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது, நீட் பயிற்சி இருக்கிறதே என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாததல்ல. அடித்தட்டுப் பள்ளிகளில் ஆய்வக உதவியாளர் இல்லாமல் நீங்கள் படும் பாடும் தெரியும். ஆனாலும் இரண்டு ஊசல்களைக் காட்ட ஒரு பாடவேளை போதும். அதற்குப் பின் கட்டம் (சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது), தொடக்கக் கட்டம், சுருள்வில், அலைகள் என்று வருபவை எல்லாம் விரைவாக நகரும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் அந்த வட்டத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். போட்டித் தேர்வில் கட்ட வேறுபாடு கேட்கும் வினாவுக்கு வட்டம் வரையத் தெரிந்தவர் சில வரிகளில் விடைக்கு வந்துவிடுவார்; சைன், கொசைன் சூத்திரங்களை நம்பியிருப்பவர் குறியில் தடுக்கி விழுவார்.

பாடநூல் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்கள். அடுத்த திருத்தத்தில் அலைவுகளை இயக்க விதிகளுக்கு அருகில் கொண்டுவாருங்கள். அது இயலாதென்றால், பத்தாம் அலகின் முதல் பக்கத்திலேயே சுற்றும் ஊசலையும் ஆடும் ஊசலையும் செயல்பாடாகச் சேருங்கள். தனி ஊசல் சோதனையின் கீழ், 9.8 வராவிட்டால் எந்த எண் எந்தத் தவறைக் காட்டும் என்று ஒரு சிறு பகுதி எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திய ஓர் ஆசிரியர்