முதல் மர்மக் கதையும் முடிச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியாகும் புதியவர்களின் மர்மக் கதைகள் சிலவற்றில், கொலையாளி கடைசிப் பத்தியில்தான் முதன்முறையாகத் தலைகாட்டுகிறார். தடயத்தை வாசகரின் கண்முன்னே வைத்துவிட்டு, அவர் கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்புவதுதான் முதன்முதலாக எழுதுபவருக்குப் பெரும் சவால்.

முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றிய மர்ம நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி, புரோமைடு என்ற உப்பு கலந்தால் மருந்திலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு புட்டியின் அடியில் படிந்து, கடைசி வேளை மருந்தே உயிரைக் குடிக்கும் என்ற தொழிலறிவைத் தமது முதல் நாவலின் முடிச்சாக்கினார். அவருக்கும் முடிவு எளிதில் அமைந்துவிடவில்லை. நீதிமன்றக் காட்சியாக இருந்த விளக்கத்தைப் பதிப்பாளர் மாற்றச் சொன்ன பிறகே, 1920இல் அந்நூல் வெளிவந்தது.

ஆகவே, கதைகளைத் திருப்பி அனுப்பும்போது, முடிச்சு எங்கே நழுவியது என்று இரண்டு வரி எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்